இட்லிப்பூவுக்கு எதற்கு முட்டை ஓடு? வாசகர் கேள்வி-பதில்

வெட்சியும் இட்லிப்பூவும் ஒன்றா?

ஒன்றேதான். ஆநிரை கவரப் போன மறவர்கள் சூடிய வெட்சிதான் இப்போது உங்கள் மொட்டைமாடித் தொட்டியில் நிற்கிறது.

துளிர் இலைகள் மஞ்சளாகின்றன. முட்டை ஓடு, அடுப்புச் சாம்பல் எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன். பலனில்லை.

எப்படி இருக்கும்? வாரம் ஒருவராவது இதையே எழுதுகிறார்கள். வீடியோவில் யாரோ சொன்னார் என்று எல்லாச் செடிக்கும் முட்டை ஓட்டை நொறுக்கிப் போடுகிறீர்கள். இட்லிப்பூ புளிப்பு மண்ணில் வளரும் செடி. மண்ணின் புளிப்பைக் காட்டும் பி.எச். எண் 6 அளவில் இருந்தால் அதற்குச் சுகம். முட்டை ஓட்டின் சுண்ணாம்பும் சாம்பலும் சேரச் சேர மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. ஒரு துளிரைக் கிள்ளி வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள்: நரம்பு மட்டும் பச்சை, நடுவெல்லாம் எலுமிச்சை மஞ்சள். அதுதான் இரும்பு கிடைக்காததன் அடையாளம். லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி (ஃபெரஸ் சல்பேட் என்னும் இரும்பு உப்பு), நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு. மாலையில் இலை நனையத் தெளியுங்கள். 10 நாள் விட்டு இன்னொரு முறை. டைல்ஸில் பட்டால் துருக்கறை போகாது, ஜாக்கிரதை. ஆனால் சுண்ணாம்பு கலந்த போர்வெல் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் மஞ்சள் திரும்ப வரும். மழைநீரைப் பிடித்து வையுங்கள். புதிதாகப் பூசிய மதிலை ஒட்டியும் நடாதீர்கள். சிமென்டிலிருந்து இறங்கும் சுண்ணாம்பால் நானே ஒரு வரிசை முழுக்கப் பாழாக்கியிருக்கிறேன்.

மாதாமாதம் அழகாகக் கத்தரிக்கிறோம். பூவே இல்லை.

பூப்பது கிளை நுனியில். நுனியை வெட்டிவிட்டுப் பூவைத் தேடினால்? ஒரு சுற்றுப் பூத்து ஓய்ந்ததும் வெட்டுங்கள், அது போதும். வெயிலும் 5 மணி நேரமாவது வேண்டும்.

குச்சி நட்டால் வருமா?

வரும். அரை முற்றல் குச்சி, அரை அடி நீளம், மழைக்காலம், நிழல். ஒன்றரை இரண்டு மாதம் பொறுங்கள். தினமும் பிடுங்கிப் பார்க்காதீர்கள்.

இலையில் கரி பூசியது போல் இருக்கிறது. என்ன நோய்?

படம் இல்லை, ஊர் இல்லை. சரி, ஊகத்தில் சொல்கிறேன். எறும்பு ஊர்கிறதா? அப்படியானால் இலையைத் திருப்புங்கள், மாவுப்பூச்சியோ செதில் பூச்சியோ இருக்கும். அது கழிக்கும் இனிப்பு நீரில்தான் கரும்பூஞ்சை படர்கிறது. வேப்பெண்ணெய் 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசல், ஒரு லிட்டர் தண்ணீர். சாம்பல் தூவ வேண்டாம். மேலே சொன்னதுதான்.

பழத்தைப் பிள்ளைகள் தின்னலாமா?

கருஞ்சிவப்பாகப் பழுத்ததைத் தின்னலாம், நாங்களும் தின்று வளர்ந்தவர்கள்தான். மருந்தடித்த செடியில் மட்டும் கைவைக்க விடாதீர்கள்.