மூன்று வட்டியும் பெரிய மாமனாரின் கௌரவமும்

கேள்வி: எங்கள் ஆறு வயது மகனுக்கு ரத்தப் புற்றுநோய். நான்கு மாதமாகச் சென்னையில் சிகிச்சை. முதலமைச்சர் காப்பீட்டுக்கும், நாங்கள் தங்க ஓர் அறக்கட்டளை விடுதிக்கும் எழுதித் தருவதாக மருத்துவமனைச் சமூகப் பணியாளர் சொன்னார். “ஊருக்கே நெல் அளந்த குடும்பம், தர்மச் சோறு சாப்பிடுவதா?” என்று கணவரின் பெரியப்பா தடுத்துவிட்டார். மூன்று வட்டிக்கு 2.40 லட்சம் வாங்கியிருக்கிறோம். அறை வாடகை 9,000 ரூபாய். கடன் கொடுத்தவர் இன்னும் ஒன்றரை லட்சம் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? – வாசகி, மன்னார்குடி பக்கம்.

பதில்: வாங்காதீர்கள்.

இப்போதே மாத வட்டி 7,200. இன்னும் ஒன்றரை லட்சம் சேர்ந்தால் 11,700. வாடகையோடு 20,700. இதில் ஒரு மாத்திரைகூட அடங்கவில்லை. குழந்தைகளுக்கு அதிகம் வருகிற லிம்போபிளாஸ்டிக் வகை என்றால் சிகிச்சை இரண்டு, மூன்று ஆண்டு போகும். வட்டியும் வாடகையும் மட்டுமே இரண்டு ஆண்டுக்கு ஏறக்குறைய ஐந்து லட்சம். அசல் அப்படியே நிற்கும். எத்தனை போகம் அறுத்தால் இது தேறும் என்று உங்கள் பெரிய மாமனாரையே கேளுங்கள்.

பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் வாங்கும்போது வராத கூச்சம் குழந்தையின் மருந்துக்கு மட்டும் ஏன் வருகிறது? அடையாறு புற்றுநோய் மருத்துவமனையே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஊரெல்லாம் நன்கொடை திரட்டி 1954இல் 12 படுக்கையோடு தொடங்கியதுதான். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயை மருந்தால் அடக்கலாம் என்று முதலில் காட்டிய சிட்னி ஃபார்பரின் பாஸ்டன் ஆய்வு, 1948 முதல் ‘ஜிம்மி நிதி’க்கு மக்கள் போட்ட பணத்தில் வளர்ந்தது. உங்கள் மகனுக்கு ஏறுகிற மருந்தின் பின்னால் யார் யாருடைய காசோ இருக்கிறது.

சென்னையில் செயின்ட் ஜூட் போன்ற அமைப்புகள் சிகிச்சைக்கு வரும் குழந்தையோடு பெற்றோரையும் இலவசமாகத் தங்க வைக்கின்றன. மளிகையும் சமையலறையில் இடமும் தருவார்கள். மகனுக்கு ரசம் சாதத்தை உங்கள் கையாலேயே குழைத்துக் கொடுக்கலாம். நேரே போய்க் கதவைத் தட்ட முடியாது, மருத்துவமனைப் பரிந்துரை வேண்டும். அதை அவர்களே தருகிறேன் என்று சொல்லியும் விட்டுவிட்டீர்கள். இடம் காலியாக இல்லையென்றால் பெயரைப் பதிந்துவையுங்கள். அறக்கட்டளை என்று சொல்லிப் பதிவுக் கட்டணம் கேட்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

பெட்டியில் நகை இருந்தால் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்து மூன்று வட்டிக் கடனை முதலில் அடையுங்கள். அங்கே ஒரு வட்டி என்றே வைத்தாலும் 2,400தான். மாதம் 4,800 மிச்சம்.

போக்குவரத்துக்கு: புற்றுநோயாளிக்கு ரயிலில் படுக்கை வகுப்பும் மூன்றடுக்கு ஏசியும் முழு இலவசம், துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. கூட்டம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லும் வாரங்களில் கார். மற்ற நேரம் மன்னை எக்ஸ்பிரஸ்.

இந்த நேரம் பார்த்து, முதலீடும் காப்பீடும் சேர்ந்த பாலிசி என்று எந்த உறவுக்கார ஏஜென்ட்டாவது வருவார். வந்த நோய்க்கு அது உதவாது. காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

முதலமைச்சர் காப்பீட்டுக்கு ஆண்டு வருமானம் 1.20 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை. வருமானச் சான்றிதழுக்கு இந்த வாரமே விண்ணப்பியுங்கள். அது இல்லாமல் சென்னைக்கு ஏறினால் இன்னொரு 7,200 போகும்.