ஃபெகிட்டோவாவின் இரண்டு சட்டைகள்

அன்புள்ள ஐயா,

2023 ரக்பி உலகக் கோப்பையில் மலாக்காய் ஃபெகிட்டோவா டோங்கா அணியில் இருந்தார். 2015இல் உலகக் கோப்பை வென்ற நியூசிலாந்து அணியிலும் இவர் இருந்தாரே! நல்ல வயதில் ஒரு நாட்டுக்கு ஆடிவிட்டு, கடைசியில் இன்னொரு நாட்டுக்குத் தாவுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கே.

அன்புள்ள கே.,

அதைத் தாவல் என்று என்னால் சொல்ல முடியாது. அவர் பிறந்ததே டோங்காவின் ஹாபாய் தீவுகளில்தான். சுமார் ஒரு லட்சம் பேர் வாழும் பசிபிக் தீவு நாடு அது. அங்கே ரக்பி விளையாடிச் சம்பாதிக்கத் தொழில்முறை லீக் கிடையாது. திறமையுள்ள பையன் கப்பலோ விமானமோ ஏறித்தான் ஆகவேண்டும். இவர் போனது நியூசிலாந்துக்கு.

2014 முதல் 2017 வரை அந்த நாட்டுக்காக, நடுக்களத்தில் ஆடும் சென்டராக 24 டெஸ்ட்கள் (நாடுகளுக்கிடையிலான போட்டிகள்). 2015இல் நியூசிலாந்தின் ஹைலேண்டர்ஸ் அணியுடன் சூப்பர் ரக்பி லீக் பட்டமும் வந்தது. அப்புறம் பிரான்ஸின் டூலோன் கிளப்புக்குப் போனார். சிக்கல் அங்கேதான் ஆரம்பம். வெளிநாட்டுக் கிளப்பில் ஆடுபவரை நியூசிலாந்து தேர்ந்தெடுக்காது. ஒரு நாட்டுக்கு டெஸ்ட் ஆடியவர் இன்னொரு நாட்டுக்கு ஆட அன்றைய விதியில் வழியில்லை. அணிக்கு ஏழு பேர் ஆடும் ஒலிம்பிக் செவன்ஸ் ரக்பி மூலம் ஒரு குறுகிய விலக்கு மட்டும் இருந்தது. 2019 உலகக் கோப்பையின்போது அவருக்கு வயது 27. இரண்டு அணியிலும் அவர் இல்லை.

இதில் நஷ்டம் யாருக்கு? 2021 ஜூலையில் ஆக்லாந்தில் நியூசிலாந்திடம் டோங்கா 0-102 என்று தோற்றது. கொரோனா கட்டுப்பாடுகளால் ஐரோப்பாவில் ஆடும் பலர் வரமுடியாத, புதுமுகங்கள் நிறைந்த அணி அது. அந்த ஸ்கோரைப் பார்த்து எனக்குக் கோபம்தான் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் விதி மாறியது: மூன்றாண்டு சர்வதேசப் போட்டி ஆடாதவர், தான் பிறந்த நாட்டுக்கோ பெற்றோர், தாத்தா பாட்டி பிறந்த நாட்டுக்கோ ஒருமுறை மாறலாம். 2022இல் ஃபெகிட்டோவாவும், அவரைப் போலவே முன்பு நியூசிலாந்துக்கு ஆடிய சார்ல்ஸ் பியூட்டாவும் டோங்காவின் சிவப்புச் சட்டை அணிந்தார்கள்.

அதனால் வெற்றி குவிந்துவிடவில்லை. நீங்கள் பார்த்த 2023 தொடரில் அயர்லாந்து, ஸ்காட்லாந்து, தென்னாப்பிரிக்கா மூன்றிடமும் தோல்வி. ருமேனியாவை மட்டும் 45-24 என்று வென்றார்கள். பல நாட்டுக் கிளப்களில் சிதறிக் கிடப்பவர்களைச் சில வாரங்களில் ஓர் அணியாக்குவது லேசில்லை. பெரிய அணிகளின் மைதானங்களுக்குப் போய் ஆடினால் டிக்கெட் வருமானம் வழக்கமாக அந்த ஊர்க்காரர்களுக்கே. பணமில்லாத சங்கம் எத்தனை நாள் முகாம் நடத்தும்?

டோங்கா மாதிரிச் சிறிய நாடுகளுக்கு அந்த மூன்றாண்டுக் காத்திருப்பை ஒன்றாகக் குறைக்கலாம் என்பது என் கருத்து. முப்பது வயதில் திரும்பி வரும் ஆட்டக்காரர் இருபத்தாறிலேயே வந்திருந்தால் டோங்காவுக்காக இன்னொரு உலகக் கோப்பையிலும் ஆடியிருப்பார்.