ஹட்யாய் அலுத்தவர்களுக்குச் சத்துன்

போன மாதம் போகிற போக்கில், பெர்லிசை ஒட்டி இருக்கும் தென் தாய்லாந்தின் சத்துன் மாநிலத்தைப் பற்றி ஒரு வரி எழுதினேன், அவ்வளவுதான், இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அதைப் பற்றியே. பீடோங்கிலிருந்து காரை எடுத்துக்கொண்டு நாலைந்து தடவை போய் வந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: ஹட்யாய் போய்ப் போய் சலித்துவிட்டது. சத்துனில் அப்படி என்னதான் இருக்கிறது? நல்ல மால் உண்டா? (வாசகர், பாடாங் செராய்)

பதில்: மால்தான் வேண்டுமென்றால் ஹட்யாய்க்கே போங்கள், சண்டை வேண்டாம். சத்துன் இரவில் சீக்கிரம் அடங்கிவிடும் ஊர். பார்க்க வேண்டியதெல்லாம் ஊருக்கு வெளியே இருக்கிறது: குகை, அருவி, அலையாத்திக் காடு, சுண்ணாம்புக் குன்று. 2018இல் யுனெஸ்கோ இந்தப் பகுதியை உலகப் புவிப்பூங்காவாக, அதாவது பாறைக்கும் நில அமைப்புக்கும் பேர்போன இடமாக, ஏற்றது, தாய்லாந்திலேயே முதலாவது.

எனக்குப் பிடித்த இடம் லாங்கு பக்கம் இருக்கும் காவ் தோ ங்காய். கடலை ஒட்டிய ஒரு குன்று, அதன் ஓரமாகத் தண்ணீருக்கு மேலேயே நடைபாதை போட்டிருக்கிறார்கள். நடந்துகொண்டே இருக்கும்போது ஓர் இடம் வரை பாறை சிவப்பாக இருக்கும், அங்கிருந்து சட்டென்று சாம்பல் நிறமாகிவிடும். சிவப்பு, கேம்பிரியன் காலத்து மணற்பாறை. சாம்பல், அதற்கடுத்த ஆர்டோவிசியன் காலத்துச் சுண்ணாம்புப் பாறை. இந்த இரண்டு காலங்களுக்கும் நடுவில் உள்ள எல்லை ஏறக்குறைய 48.5 கோடி ஆண்டுகள் பழையது. என் மகன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கையை வைத்துப் படம் எடுக்கச் சொன்னான், நானும் வெட்கத்தை விட்டு அதையே செய்தேன். லங்காவியில் கேபிள் கார் ஏறியிருக்கிறீர்களா? அந்த மச்சின்சாங் மலையும் கேம்பிரியன் மணற்பாறைதான். நடுவில் கடலும் எல்லைக்கோடும் வந்துவிட்டன, பாறை ஒன்றே.

கேள்வி: படகில் போகும் குகை ஒன்று உண்டாமே, பிள்ளைகளை அழைத்துப் போகலாமா அண்ணா? (வாசகி, சுங்கை பட்டாணி)

பதில்: துங் வா வட்டாரத்தில் உள்ள லே ஸ்டெகோடான் குகையைச் சொல்கிறீர்கள். 2008இல் இறால் பிடிக்க உள்ளே போன ஊர்க்காரர்கள் கையில் பல்லோடு கூடிய பெரிய எலும்பு ஒன்று சிக்கியது. பிறகுதான் அது ஸ்டெகோடான் என்ற பழங்கால யானை இனத்தின் தாடை என்று தெரியவந்தது. குகை கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர் நீளம், தலைக்கவசமும் மிதவைச் சட்டையும் போட்டுக்கொண்டு கயாக்கில் போக வேண்டும். உள்ளே கும்மிருட்டு, வழிகாட்டியின் விளக்கு மட்டும்தான். அந்தப் பக்கம் வெளியே வந்தால் அலையாத்திக் காடு.

ஆனால் ஒன்று, குகைக்குள் கடல்நீர் ஏறி இறங்கும், அதனால் எத்தனை மணிக்குள் நுழையலாம் என்பதைக் கடல்தான் முடிவு செய்யும். முதல் தடவை நான் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன், வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். முன்பதிவு செய்யுங்கள், அன்றைய நீர்மட்டத்தைக் கேட்டு நேரம் சொல்வார்கள், அந்த நேரத்தைச் சுற்றித்தான் மற்ற எல்லாத் திட்டமும். இருட்டுக்கு அழும் பிள்ளை இருந்தால் இந்தத் தடவை விட்டுவிடுங்கள், அக்கா.

கேள்வி: பாட்டி சயாம் பக்கமே போகக்கூடாது என்கிறார். தாத்தாவின் அண்ணன் ரயில் பாதை போடப் போய்த் திரும்பவில்லை. (வாசகர், கூலிம்)

பதில்: எங்கள் தோட்டத்திலும் அப்படிச் சொன்ன பாட்டிகள் இருந்தார்கள். ஜப்பான்காரன் காலத்தில் போட்ட அந்த 415 கிலோமீட்டர் சயாம் மரண ரயில் பாதை காஞ்சனபுரி வழியாகப் பர்மாவுக்குப் போனது, சத்துனிலிருந்து இன்னும் ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் வடக்கே. இதைப் பாட்டியிடம் சொல்லுங்கள், ஆனால் வாதம் செய்யாதீர்கள். சத்துன் 1909 வரை நம் கெடாவோடு சேர்ந்திருந்த மண். பெயர்கூட மலாய்ப் பெயர்தான், செந்தூல் மரம். கோலாலம்பூர் செந்தூலும் அதே மரத்தின் பெயரில்தான் இருக்கிறது.

கேள்வி: எந்த வழி, என்னென்ன தாள்கள்? (வாசகர், லூனாஸ்)

பதில்: பெர்லிசில் காக்கி புக்கிட் தாண்டி வாங் கெலியான் எல்லை வாசல். மலை ஏற்றம் செங்குத்து, பிரேக்கைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். எல்லையைத் தாண்டிய கொஞ்ச தூரத்திலேயே தாலே பான் தேசியப் பூங்கா, காட்டுக்கு நடுவில் ஒரு ஏரி, சுற்றி நடக்கப் பாதை. இந்தப் பக்கம் பெர்லிஸ் மாநிலப் பூங்காவும் அந்தப் பக்கம் தாலே பானும் ஒரே காடுதான். பூங்காவில் வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம், கோபப்பட வேண்டாம். அங்கிருந்து சத்துன் ஊர் சுமார் 40 கிலோமீட்டர்.

பாஸ்போர்ட், கார் கிராண்ட் (காரின் உரிமைப் பத்திரம்), தாய்லாந்து இன்சூரன்ஸ். கார் வங்கிக் கடனில் இருந்தாலோ வேறொருவர் பெயரில் இருந்தாலோ அனுமதிக் கடிதம். 2025 மே 1 முதல் வெளிநாட்டவர் எல்லாரும் வருகை அட்டையை இணையத்திலேயே நிரப்ப வேண்டும், பயணத்துக்கு முந்தைய மூன்று நாளுக்குள். இலவசம். காசு கேட்கும் தளம் என்றால் மூடிவிடுங்கள்.

கேள்வி: புரட்டாசியில் போகலாமா? சைவம் கிடைக்குமா? (வாசகி, பீடோங்)

பதில்: சைவம் கிடைக்கும். 'ஜே' என்று சொல்லுங்கள், அங்கே சுத்த சைவத்துக்கு அதுதான் பெயர், மஞ்சள் கொடி தொங்கும் கடையைப் பாருங்கள், வெங்காயம் பூண்டுகூட இருக்காது. சத்துனில் முஸ்லிம்கள் அதிகம், அதனால் சாதாரணக் கடைகளில் மாட்டிறைச்சி இருக்கும், கேட்டுச் சாப்பிடுங்கள். ஆனால் புரட்டாசி அங்கே மழைக்காலம். அருவி கலங்கி ஓடும், குகைகள் மூடினாலும் மூடுவார்கள், தாருதாவ் தீவுப் பூங்காவும் மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை பொதுவாக மூடியிருக்கும். தை, மாசிதான் என் ஓட்டு.

கேள்வி: காட்டில் வாழும் மானிக் மக்களைப் பார்க்க முடியுமா? (பெயர் இல்லை)

பதில்: நம் நாட்டுப் பழங்குடியினரான ஒராங் அஸ்லியைப் பார்க்க யாராவது டிக்கெட் வாங்கினால் உங்களுக்கு எப்படி இருக்கும்? வழியில் பார்த்தால் கும்பிடு போட்டுவிட்டுப் போங்கள்.

கேள்வி: காலையில் போய் அன்றே திரும்பலாமா? (வாசகர், குருண்)

பதில்: தாலே பான் மட்டும் என்றால் தாராளமாக. லாங்கு, துங் வா வரை என்றால் ஒரு ராத்திரி தங்குங்கள். அப்புறம் வாங் கெலியான் வாசல் 24 மணி நேரமும் திறந்திருக்காது. தாய்லாந்து மணி நமக்கு ஒரு மணி நேரம் பின்னால், போனும் தானாக மாறிவிடும். அந்த மணியை நம்பி, இன்னும் நேரம் இருக்கிறதே என்று ஒரு கிளாஸ் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன். கேட் பூட்டியிருந்தது. மலையைச் சுற்றி இன்னோர் எல்லை வாசலான பாடாங் பெசார் வழியாக வீடு வந்து சேர்ந்தபோது நடுராத்திரி, மனைவி வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. கையில் பழைய கடிகாரம் இருந்தால் மலேசிய நேரத்திலேயே கட்டிக்கொண்டு போங்கள்.