திருத்தந்தை பேட்டியில் சொன்னதும் தவறா வரமா?

விமானப் பயணத்தில் கொடுத்த பேட்டியில் திருத்தந்தை (போப்) சொன்னதையும் மறுக்கக்கூடாது என்று உங்கள் பங்குச் சபையில் ஒருவர் சண்டை பிடிப்பதாக எழுதியிருந்தீர்கள். பேட்டிக்கெல்லாம் தவறா வரம், அதாவது போதனையில் தவற முடியாத வரம், கிடையாது, தைரியமாகச் சொல்லுங்கள். விசுவாசம், ஒழுக்கம் பற்றிய ஒன்றை முழுத் திருச்சபைக்கும் திருத்தந்தை இறுதியாக வரையறுக்கும்போது மட்டும்தான் அது உண்டு. இந்த வரம் கோட்பாடாக வரையறுக்கப்பட்ட 1870க்குப் பிறகு அப்படி அறிவித்ததாகப் பொதுவாக ஒப்புக்கொள்ளப்படுவது 1950இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் வரையறுத்த மரியாவின் விண்ணேற்பு (மரியா உடலோடும் ஆன்மாவோடும் விண்ணகம் எடுத்துக்கொள்ளப்பட்டார் என்பது) ஒன்றுதான்.

அப்புறம், 1870இல் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டிவிடவில்லை. முதல் வத்திக்கான் சங்கத்தில், அதாவது ஆயர்கள் (பிஷப்புகள்) கூடிய மாமன்றத்தில், இந்தக் கோட்பாடு மீதான ஜூலை 13 வாக்கெடுப்பில் 88 பேர் எதிர்த்தார்கள், 62 பேர் திருத்தம் கேட்டார்கள். ஆனால் இறுதி வாக்கெடுப்பு நடந்த ஜூலை 18 அன்று, வெளியே இடியும் மழையுமாக இருந்தபோது, எதிர்ப்பு வெறும் 2 வாக்கு, காரணம் அப்போதைய திருத்தந்தை ஒன்பதாம் பயஸ் முகத்துக்கு நேரே மறுக்க மனமில்லாமல் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆயர்கள் முன்கூட்டியே ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். அவர்களும் பிறகு அதை ஏற்றுக்கொண்டார்கள்.