களியக்காவிளையில் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். அடுக்கி வைத்த 304 கிரேடு எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஷீட்டில் பழுப்புக் கறை விழுகிறது. எப்படிப் பாதுகாப்பது?

கறை எங்கே விழுந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஷீட்டுகளுக்கு நடுவில் திட்டுத்திட்டாக இருந்தால் அடைபட்ட ஈரம். மேல் ஷீட்டில் மிளகு தூவினாற்போல் இருந்தால் கிரைண்டரில் பறந்த இரும்புத் தூள் படிந்து துருவேறியிருக்கிறது.

உங்கள் ஊரில் ஈரம்தான் பெரிய தலைவலி. ஜூனில் ஒரு மழைக்காலம், அக்டோபரில் இன்னொன்று, தேங்காப்பட்டணம் பக்கமிருந்து உப்புக்காற்று வேறு. 304-இல் உள்ள 18 சதவீதக் குரோமியம் ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்லிய படலம் போடுவதால்தான் துரு அண்டுவதில்லை. அது கீறல் விழுந்தாலும் காற்றுப் பட்டால் மறுபடி மூடிக்கொள்ளும். ஒட்டி அடுக்கிய ஷீட்டுகளின் ஓரத்தில் நீர் பட்டால் உள்ளே இழுத்துக்கொண்டு போகும். அங்கே ஆக்சிஜன் தீர்ந்து, உப்பின் குளோரைடு செறிந்து, படலம் அறுந்துவிடும்.

ஆகவே நனைந்த லோடு வந்தால் அன்றைக்கே கட்டைப் பிரித்து, ஒவ்வொன்றாகத் துடைத்துக் காயவிட்டு அடுக்குங்கள். இடைத்தாள் நனைந்திருந்தால் எறிந்துவிடுங்கள். ஈரத்துணி போர்த்தியதற்குச் சமம். ஷீட்டின் மேல் ஒட்டிவரும் பிவிசி பிலிம் ஓரம் எழும்பியிருந்தால் அந்த இடுக்கிலும் உப்புநீர் தங்கும். வெயில் பட்டால் பசை இறுகி உரிக்க வராது. ஆறு மாதத்துக்கு மேல் பிலிமோடு வைக்க வேண்டாம்.

சிமெண்ட் தரையில் நேராகப் போடாதீர்கள். 8 அடிக்கு 4 அடி ஷீட்டுக்கு நாலங்குலக் கட்டைகள் ஐந்து, இரண்டடிக்கு ஒன்றாக, ஒரே மட்டத்தில். 1.2 மி.மீ. ஷீட் ஒன்றே 28 கிலோ இருக்கும். இடைவெளி கூடினால் தொய்ந்து பள்ளத்தில் நீர் நிற்கும். மலிவாகக் கிடைக்கிறதென்று பச்சை ரப்பர் மரத்தைப் போட்டுவிடாதீர்கள், ஈரம் விடும். தார்ப்பாயை மேலே மட்டும் விரியுங்கள். நாலு பக்கமும் இறுக்கிக் கட்டினால் விடிகாலையில் உள்ளே வியர்க்கும். ஐந்தாறு ஷீட்தான் என்றால் சாய்த்து நிறுத்துவது நல்லது; இரும்பு ஸ்டாண்டில் ரப்பர் ஒட்டுங்கள்.

தோட்டத்துக்கு வாங்கிய பொட்டாஷ் மூட்டையைப் பட்டறை மூலையில் போடும் வழக்கம் நம் பக்கம் உண்டு. அது பொட்டாசியம் குளோரைடு. அதையும், பிளீச்சிங் பவுடர், தரை கழுவும் ஆசிட் ஆகியவற்றையும் வேறு அறைக்கு மாற்றுங்கள். இரும்பு அறுக்கும் இடம் தள்ளியிருக்கட்டும். இரும்பில் ஓடிய கிரைண்டர் வீல் எஸ்.எஸ்.ஸில் படக்கூடாது.

விழுந்த கறைக்கு: சோப்புநீரில் கழுவிவிட்டு, லிட்டருக்கு 50 முதல் 100 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்து, அதில் நனைத்த துணியை அரைமணி நேரம் போர்த்துங்கள். பிறகு உப்புச்சுவையில்லாத நீரில் அலசி, துடைத்துவிடுங்கள். இரும்பு பிரஷ் வேண்டவே வேண்டாம்.

இவ்வளவு செய்தும் கறை திரும்ப வந்தால் கிரேடையே சந்தேகப்படலாம். நிக்கல் குறைந்த மலிவு கிரேடான 202-ஐ 304 என்று விற்பவர்கள் உண்டு. இரண்டிலும் காந்தம் ஒட்டாது, ஆகையால் அந்தச் சோதனை பயன்படாது. ஆலை தரும் டெஸ்ட் சர்டிபிகேட் கேளுங்கள். நிக்கல் 8 சதவீதமாவது இருக்க வேண்டும், சர்டிபிகேட்டிலுள்ள ஹீட் நம்பர் (எந்த உருக்கில் வார்த்தது என்று காட்டும் எண்) ஷீட்டில் அச்சான நம்பரோடு ஒத்துப்போக வேண்டும்.