எழுத்தோடு விளையாடும் பையனுக்கு வேலை கிடைக்குமா?

சார், பையனின் கணக்கு நோட்டை நீங்கள் மேசைமேல் போட்ட வேகத்திலேயே கோபம் தெரிந்தது. பக்கத்துக்குப் பக்கம் எழுத்துகளாக வரைந்து வைத்திருக்கிறான். ஆனால் ஒரு பக்கத்தில் ‘படிக்கட்டு’ என்ற சொல்லைச் சரிவாக இறக்கி, ‘ட’க்களையே படிகளாக்கியிருந்தானே, கவனித்தீர்களா? நான் அந்தப் பக்கத்தைத் தாண்டவே இல்லை.

சொல்லின் பொருளை எழுத்தின் வடிவத்திலேயே காட்டும் இந்தக் கலைக்குச் சம்பளம் உண்டு. பார்சல் அனுப்பும் ஃபெடெக்ஸ் நிறுவனத்தின் லோகோவைப் பாருங்கள். ஆங்கிலப் பெரிய ‘ஈ’க்கும் கடைசி ‘எக்ஸ்’க்கும் நடுவில் ஓர் அம்பு தெரியும். 1994-இல் லிண்டன் லீடர் என்ற வடிவமைப்பாளர் உருவாக்கியது. அம்பைத் தனியாக வரையவில்லை. இரண்டு எழுத்துருக்களைக் கலந்து, எழுத்துகளைத் திருத்தித் திருத்தி, இடைவெளியே அம்பாகும்படி செய்தார். பார்சல் போய்ச் சேரும் என்று சொல்ல வேறென்ன வேண்டும்? அமேசானின் அம்பு ‘ஏ’யில் தொடங்கி ‘இசட்’டில் முடிகிறது, எல்லாம் கிடைக்கும் என்று.

நம் ஊர்க்காரர் உதயகுமாரும் இருக்கிறார். 2010-இல் ஏற்கப்பட்ட ரூபாய்க் குறி அவருடையது. தேவநாகரி ‘ர’வும் ஆங்கில ‘ஆர்’ எழுத்தும் ஒரே வடிவத்தில். அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்துவிட்டு, பம்பாய் ஐஐடியில் வடிவமைப்பு படித்தவர்.

சரி, படிப்புக்கு வருவோம். பி.டெஸ். என்ற வடிவமைப்புப் பட்டப்படிப்புக்கு ஐஐடிகள் யூசீட் தேர்வு வைத்திருக்கின்றன. அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்ஐடிக்குத் தனித் தேர்வு. எந்தக் குரூப் எடுத்தவரும் இவற்றை எழுதலாம், அதனால் இப்போது குரூப்பை மாற்ற வேண்டாம். இரண்டிலும் வரைய வேண்டியிருக்கும், ஆனால் அழகாக வரைவதைவிட யோசனைக்குத்தான் மதிப்பு அதிகம். சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில் காட்சித் தொடர்பு வடிவமைப்பு இருக்கிறது. செலவை நினைத்தால் அதையும் பட்டியலில் வையுங்கள். மென்பொருள் மட்டும் சொல்லிக்கொடுத்து லட்சக்கணக்கில் வாங்கும் இடங்களுக்கு அவசரப்பட்டு முன்பணம் கட்டிவிடாதீர்கள்.

ஒன்றை மறைக்க மாட்டேன். தினமும் லோகோ செய்யும் வேலை அபூர்வம். பெரும்பாலும் பிஸ்கட் உறை, செயலியின் திரை, விளம்பரப் பலகை என்றுதான் போகும். அதையும் பையனிடம் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், அந்த நோட்டைக் கிழித்துவிடாதீர்கள். கல்லூரியிலோ வேலையிலோ ‘செய்ததைக் காட்டு’ என்றால் அதைத்தான் காட்டப்போகிறான். கணக்குக்கு வேறு நோட்டு வாங்கிக் கொடுங்கள்.