நான்காவது மலையில் உட்கார்ந்தவருக்கு

மலை நடை: வாசகர் கேள்வி, ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் பதில்

கேள்வி: எனக்கு 31 வயது. ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். எடுத்த எதையும் முடிப்பதில்லை என்ற குறை எனக்கு உண்டு. கோவைப் பக்கத்து வெள்ளியங்கிரியின் ஏழு மலையையும் எங்கும் உட்காராமல் ஏறிவிட்டால் மன உறுதி வந்துவிடும் என்று சபதம் செய்து, கடையை மூடியதும் பஸ் பிடித்துப் போனேன். முதல் மூன்று மலைகளை ஒரு மணி நேரத்தில் கடந்தேன். நான்காவதில் வாந்தி எடுத்து உட்கார்ந்துவிட்டேன். நண்பர்கள் சாமி பார்த்துவிட்டு வரும்வரை குளிரில் அங்கேயே கிடந்தேன். அடுத்த முறை இன்னும் கடுமையாகப் பயிற்சி செய்ய வேண்டுமா? அல்லது எனக்கு உறுதியே இல்லையா?
— வாசகர், ஈரோடு

பதில்: தம்பி, நான்காவது மலையில் உட்கார்ந்தீர்களே, அன்றிரவு நீங்கள் செய்த சரியான வேலை அதுதான். வாந்தி எடுத்த உடம்போடு சபதத்துக்காக ஏறியிருந்தால் இந்தக் கடிதத்தை வேறு யாராவது எழுத வேண்டியிருந்திருக்கும். 2024-ஆம் ஆண்டு பருவத்தில் மட்டும் பக்தர்கள் பலர் அந்த மலையில் மூச்சுத் திணறியும் நெஞ்சு வலித்தும் உயிரிழந்தார்கள்.

முதலில் கணக்கைப் பார்ப்போம், உங்கள் தொழிலே அதுதானே. பூண்டி அடிவாரத்திலிருந்து உச்சிக்கு ஒரு வழி சுமார் 6 கிலோமீட்டர், ஏற்றம் ஆயிரம் மீட்டருக்குக் குறையாது. 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் ஒரு விதி சொன்னார்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி. அதன்படி பார்த்தாலே மூன்று மணி நேரம் ஆகும். ஓய்வு, இருட்டு, கூட்டம் எதுவும் இதில் சேராது. நீங்களோ பகல் முழுக்க வேலை பார்த்து, தூங்காமல் வந்து, செங்குத்தான படிகள் நிறைந்த முதல் மலையிலேயே ஓடியிருக்கிறீர்கள். உறுதி நிறையவே இருந்திருக்கிறது. அத்தனையையும் முதல் ஒரு மணி நேரத்திலேயே செலவழித்துவிட்டீர்கள்.

எனக்கும் இது நடந்தது. முப்பத்து நான்கு வயதில், கூட வந்த ஆசிரியர்கள் எல்லோரையும் முந்திக்கொண்டு ஏழாவது மலையில் நின்றேன். இறங்கும்போது, கடைசியாக அந்த முதல் மலைப் படிகள் வந்தன. ஒரு படியில் கால் வைத்தேன், முட்டி மடங்கிவிட்டது. வேட்டியை விலக்கிப் பார்த்தால் தொடைச் சதை வலையில் விழுந்த மீன்போலத் தானாகத் துள்ளிக்கொண்டிருக்கிறது. கையால் அழுத்திப் பிடித்தேன், நிற்கவில்லை. வழியில் வந்த ஒரு பெரியவர் தன் மூங்கில் கம்பை என் கையில் திணித்து, "பக்கவாட்டில் இறங்குங்க சாமி" என்று சொல்லிவிட்டுப் போனார். பாதி தூரம் கம்பை ஊன்றியும், மீதி தூரம் உட்கார்ந்து உட்கார்ந்தும் இறங்கினேன். மூன்று நாள் வீட்டு வாசற்படியில் இறங்க முடியவில்லை. ஏறும்போது மூச்சுதான் வாங்கும். இறங்கும்போதுதான் தொடை பிரேக் பிடிக்கிறது. சதை நீண்டுகொண்டே பாரம் தாங்கும் அந்த வேலைதான் அதை அதிகம் காயப்படுத்துகிறது.

அந்தப் படியில் உட்கார்ந்திருந்தபோது என் பள்ளி மைதானம்தான் நினைவுக்கு வந்தது. விழும்வரை ஓடு என்று எத்தனை பிள்ளைகளை விரட்டியிருக்கிறேன்! நிற்கக் கேட்ட பிள்ளையைச் சோம்பேறி என்றிருக்கிறேன். அதற்காக இன்றும் வருந்துகிறேன். அதே சொல்லை நீங்கள் உங்களுக்கே சொல்லிக்கொள்வதைப் படிக்கும்போது மனம் பொறுக்கவில்லை.

அடுத்த ஆண்டு வனத்துறை பிப்ரவரியில் பாதையைத் திறக்கும்போது போங்கள். அன்று விடுப்பு எடுத்து, மதியம் தூங்கி எழுந்து கிளம்புங்கள். ஏறும்போது "ஓம் நமசிவாய" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நடுவில் மூச்சு அறுந்தால் வேகம் அதிகம், குறையுங்கள். செங்குத்தான இடத்தில் ஒவ்வொரு எட்டுக்கும் பின்காலை நேராக நிறுத்தி, எடையை அந்தக் கால் எலும்பின் மேல் ஒரு நொடி வைத்துவிட்டு அடுத்த எட்டு எடுங்கள். அந்த ஒரு நொடியில் தொடை இளைப்பாறும். இரண்டாவது மலையில் பாம்பாட்டிச் சுனை வந்ததும், களைப்பே இல்லாவிட்டாலும் ஐந்து நிமிடம் உட்காருங்கள். தண்ணீரும் இரண்டு கடலை மிட்டாயும் போதும். அதற்கு மேல் உட்கார்ந்தால் வியர்வை குளிர்ந்து கால் இறுகிவிடும். அப்போது நண்பர்கள் உங்களைத் தாண்டிப் போவார்கள். போகட்டும் என்று விட்டுவிட்டு உட்கார்ந்திருக்க முடிகிறதா என்று பாருங்கள். சபதம் செய்தே தீருவேன் என்றால் இதைச் செய்யுங்கள்: முதல் மலையில் யாரையும் முந்தக் கூடாது.

கேள்வி: மலைப் பயணத்துக்காக ஒரு மாதமாகத் தினமும் எங்கள் குடியிருப்பின் ஏழு மாடிகளையும் பத்து முறை ஏறுகிறேன், லிஃப்டில் இறங்குகிறேன். கால் வலுப்பதற்குப் பதில் நாளுக்கு நாள் கனக்கிறது.
— வாசகர், திருப்பூர்

பதில்: படி ஏறும்போது சதை தேய்கிறது, ஓய்வில்தான் அது முன்பைவிடத் தடித்துக் கட்டிக்கொள்கிறது. நீங்கள் அதற்கு ஒரு நாள்கூடக் கொடுக்கவில்லை. வாரத்தில் மூன்று நாள் போதும், இடையில் ஒரு நாள் விட்டு. மற்ற நாட்களில் சமதரையில் நடங்கள். லிஃப்டை விட்டுவிட்டுப் படியிலேயே இறங்கிப் பழகுங்கள், முதலில் இரண்டு மூன்று முறை மட்டும். பயணத்துக்கு முந்தைய வாரம் பாதியாகக் குறையுங்கள். காலையில் எழுந்ததும் கனம் இருந்தால் அன்று ஏற வேண்டாம்.

கேள்வி: எவரெஸ்ட் அடிவார முகாம் வரை நடக்கப் போகிறேன். வழியில் நாம்சே பஜார் என்ற ஊரில் ஒரு முழு நாள் தங்கச் சொல்கிறார்கள். நன்றாக நடக்கிறவளுக்கு அது வீண்தானே?
— வாசகி, சென்னை

பதில்: வீணே இல்லை, அம்மா. நாம்சே 3,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, இன்று தூங்கும் இடம் நேற்றைய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்பது பொது விதி. மெலிந்த காற்றுக்கு உடம்பு பழக நாட்கள் பிடிக்கும். உங்கள் கால் வலுவால் அதை அவசரப்படுத்த முடியாது. நன்றாக நடக்கிறவர்களுக்குத்தான் இதில் ஆபத்து அதிகம், ஏனென்றால் அவர்களால் வேகமாக உயரத்துக்குப் போய்விட முடிகிறது. தலைவலியோடு குமட்டலும் வந்தால் மேலே ஓர் அடியும் வேண்டாம்; குறையாவிட்டால் கீழே இறங்கிவிடுங்கள். தங்கும் நாளில் பகலில் கொஞ்சம் மேலே நடந்துவிட்டு, இரவு நாம்சேக்கே வந்து தூங்குங்கள். அந்த நாள் சனிக்கிழமையாக அமைந்தால் வாரச் சந்தை கூடும், அவசியம் பாருங்கள்.